எதிர்வீட்டுப் பையனுக்குக் கொரியா

சித்தப்பா: எதிர்வீட்டுப் பையனுக்குக் கொரியாவாமே! 12 வயசுல வெளிநாடு! அவங்கப்பாகிட்ட 'எப்போ ஃப்ளைட்டு'ன்னு கேட்டேன். மனுஷன் முறைக்கிறார்.

மலர்: ஐயோ சித்தப்பா, அது நோய். கை, கால், முகமெல்லாம் நம்மைக் கேட்காம அதுபாட்டுக்கு அசையும்.

சித்தப்பா: அடக் கடவுளே! விசா கிடைக்கலபோலன்னு ஆறுதல் வேற சொன்னேனே!

மலர்: நல்லவேளை, அர்த்தம் கேட்கல. கிரேக்கத்துல அதுக்கு நடனம்னு அர்த்தம். கோரஸ், கொரியோகிராஃபி எல்லாம் அந்த வழியில வந்ததுதான்.

சித்தப்பா: பிள்ளை அவதிப்படுது, அதுக்கு நடனம்னு பேரா? எந்தப் புண்ணியவான் வெச்சது?

மலர்: முதல்ல அது நிஜமான ஆட்டத்துக்கு வெச்ச பேர். 1518ல, இப்போ பிரான்ஸ்ல இருக்கிற ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஜனங்க நிறுத்த முடியாம தெருவுல ஆடினாங்க. ஆடியே தீரட்டும்னு நகர சபை இடம் ஒதுக்கி, வாத்தியக்காரங்களையும் அமர்த்துச்சு.

சித்தப்பா: குறைஞ்சுதா?

மலர்: வாத்தியம் வெச்சா குறையுமா? கூடிச்சு! அப்புறம்தான் புனித வீட்டஸ் கோயிலுக்கு அனுப்பினாங்க. அதுல வந்தது 'வீட்டஸ் நடனம்'. அந்த ஆட்டத்தைத்தான் பாராசெல்சஸ்னு அந்தக் காலத்து டாக்டர் ஒருத்தர் கொரியான்னு எழுதினார். 1686ல சிடென்ஹாம்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், குழந்தைங்களுக்கு வர்ற இந்த நோயை விவரிச்சு, அதுக்கும் வீட்டஸ் பேரையே போட்டுட்டார். ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

சித்தப்பா: காலி பண்ணிட்டுப் போனவர் பேர்லயே நமக்குக் கடுதாசி வர்ற மாதிரி.

மலர்: அதேதான். இது தொண்டைப் புண்ணுல ஆரம்பிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உண்டாகிற எதிர்ப்பொருள், சில மாசம் கழிச்சு மூளையோட உள்பகுதியையும் தாக்கிடும். பெரும்பாலும் சரியாயிடும். இதயத்தை மட்டும் கட்டாயம் பரிசோதிக்கணும்.

சித்தப்பா: பரம்பரையா வரும்னும் சொல்றாங்களே?

மலர்: அது வேற. ஹன்டிங்டன்னு ஒரு அமெரிக்க டாக்டர் அதை விவரிச்சு 1872ல கட்டுரை வெளியிட்டார், அப்போ அவருக்கு 22 வயசு. ஆட்டம் மட்டுமே அதுல பிரச்சினை இல்ல, மனசு, ஞாபகம் எல்லாம் பாதிக்கும். அதனால இப்போ ஹன்டிங்டன் நோய்னே சொல்றாங்க.

சித்தப்பா: 22 வயசுல மருத்துவப் புத்தகத்துல பேர்! உனக்கும் அதே வயசுதான். உன் பேர் எதுல இருக்கு?

மலர்: காலேஜ் லைப்ரரி நோட்டீஸ் போர்டுல. புத்தகம் திருப்பித் தராதவங்க பட்டியல்.

சித்தப்பா: எந்தப் புத்தகம்?

மலர்: இவ்வளவு நேரம் எதைப் பார்த்துச் சொன்னேன்னு நினைச்சீங்க?