‘குரூப் டி’ அடிப்படைச் சம்பளம் 5,200 ரூபாயா?

ரயில்வே ‘குரூப் டி’ வேலையில் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 5,200 ரூபாய்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அது ஆறாவது ஊதியக் குழு வகுத்த சம்பள வரம்பின் (பே பேண்ட்) தொடக்கத் தொகை. அப்போதும் தர ஊதியம் (கிரேடு பே, பதவியின் தரத்துக்கேற்பச் சேர்க்கும் தொகை) 1,800 சேர்ந்து 7,000 ரூபாய் ஆனது.

ஏழாவது ஊதியக் குழு தர ஊதியத்தையே எடுத்துவிட்டது. 2016 ஜனவரி 1 முதல் லெவல் 1 முதல் 18 வரை ஓர் ஊதிய அட்டவணைதான். டிராக் மெயின்டெய்னர் (தண்டவாளம் பராமரிப்பவர்), பாயின்ட்ஸ்மேன் (ரயில் தடம் மாற்றும் வேலை பார்ப்பவர்) போன்ற ‘குரூப் டி’ பணியாளர்கள் லெவல் 1இல் வருகிறார்கள்; தொடக்கம் 18,000 ரூபாய், அட்டவணையில் அடுத்த தொகை 18,500. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி.

அப்புறம், ‘குரூப் டி’ என்ற வகையே இப்போது கிடையாது. ‘குரூப் சி’யோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் மட்டும் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளில் ஓய்வுபெறாமல் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி ‘குரூப் 4’ஐ இதோடு குழப்ப வேண்டாம், அது தேர்வின் பெயர்.