ஏ.க்யூ.ஐ. பச்சையா இருந்தா போதுமா?

நம்ம ராணிப்பேட்டை குரூப்ல ஒருத்தர் ஏ.க்யூ.ஐ. (காத்து எவ்வளவு சுத்தம்னு சொல்ற எண்) ஸ்க்ரீன்ஷாட் போட்டிருந்தார். டெல்லி சிவப்பு, ராணிப்பேட்டை பச்சை. "இண்டஸ்ட்ரியும் இருக்கு, காத்தும் நல்லாருக்கு, வேற என்ன வேணும்?"னு கீழே ஒரு வரி. லைக் குவியுது.

அந்தப் பச்சை பொய்யில்லை. எதை அளந்து சொல்லுதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான். நம்ம நாட்டு ஏ.க்யூ.ஐ. கணக்குல எட்டே எட்டு சரக்கு: பிஎம் 10, பிஎம் 2.5 (ரெண்டும் நுண்ணிய தூசி), நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். வண்டிப் புகை, பாய்லர் புகை, ரோட்டுப் புழுதியைப் பிடிக்கத் தோதான பட்டியல். (அம்மோனியா நம்ம தோல் ஷாப்லயும், அதாவது தோல் பதம் போடற தொழிற்சாலையிலயும் கிளம்பும், அது எப்படியோ உள்ள வந்துடுச்சு.) ஆனா ஷாப்புக்குப் பக்கத்துல குடியிருக்கிறவனைப் பாடாப் படுத்தற ரெண்டு, இதுல கிடையாது.

ஒண்ணு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. தோல்ல முடி எடுக்க சுண்ணாம்போட சோடியம் சல்ஃபைடு போடுவாங்க. அந்தத் தண்ணி பிற்பாடு ஆசிட் தண்ணியோட கலந்தா இந்த வாயு கிளம்பும், அழுகின முட்டை நாத்தம். காத்தைவிட கனம், தொட்டிக்குள்ள தங்கிடும். சுத்தம் பண்ண இறங்கி ஏறி வராதவங்க கதையை ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கேட்டுப் பாருங்க. இன்னொரு வில்லங்கம், மோந்துகிட்டே இருந்தா மூக்கு மரத்துடும். சென்னைலேர்ந்து வந்த சித்தி பஸ்ஸை விட்டு இறங்கினதும் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. கூட்டிட்டு வரப்போன அப்பா, "நாத்தமா? எங்கம்மா அடிக்குது?"ன்னார். நிஜமாவே அவருக்குத் தெரியலை.

இன்னொண்ணு குரோமியம். ஆவாரம்பட்டையில தோலைப் பதம் போட்ட ஊருங்க இதெல்லாம். 1970கள்ல, பாதி பதம் போட்ட தோலை அனுப்பாதே, முடிச்ச சரக்கா அனுப்புன்னு அரசாங்கம் கொள்கையை மாத்துச்சு. வேலை பெருகுச்சு, மறுக்கலை. குரோமியம் உப்பு போட்டுச் செய்யற குரோம் பதமும் பெருகுச்சு. அதுக்கான கெமிக்கல் தயாரிக்க சிப்காட்ல (அரசு தொழிற்பேட்டையில) வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் 1990கள்ல மூடிட்டுப் போச்சு. விட்டுட்டுப் போனது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல கழிவு. மழை பெஞ்சா மஞ்சளா வழியறதை எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. அந்தக் கழிவுல இருக்கிற ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது குரோமியத்துல விஷமான வகை, மூச்சு வழியா போனாலும் நுரையீரல்ல புத்துநோய் வரும். சித்திரை வெயில்ல காத்தடிச்சா அங்கேர்ந்து புழுதியோட என்ன வருதுன்னு யார் பார்க்கிறா?

ஷாப் கழிவு கலந்த பாலாத்துக்காவது கேஸ் நடந்துச்சு. 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, ஷாப்புக்குப் பத்தாயிரம் அபராதம். 2025 ஜனவரியில மறுபடி ஒரு தீர்ப்பு. ரெண்டுலயும் பேச்செல்லாம் தண்ணியும் மண்ணும்தான். கிணத்துத் தண்ணிய பாட்டில்ல பிடிச்சுட்டுப் போய் ஜட்ஜுகிட்ட காட்டலாம். நாத்தத்தை எதுல பிடிக்கிறது?

"அப்போ கம்பெனியை மூடச் சொல்றியா?"ன்னு வருவீங்க. எங்க வீட்டு அடுப்பு எரியறதே ஷூ கம்பெனி சம்பளத்துல. அக்கா இன்னிக்கும் விடியக்காலையில கம்பெனி பஸ் ஏறிப் போறா. மூடச் சொல்லலை, அளக்கச் சொல்றேன். அளந்தா, எந்த ஷாப் சல்ஃபைடு தண்ணியைத் தனியா பிரிக்குது, எது ராத்திரியில எல்லாத்தையும் ஒண்ணாத் திறந்துவிடுதுன்னு வெளிச்சத்துக்கு வந்துடும். ஒழுங்கா செலவு பண்ற முதலாளி இதுக்கு ஏன் பயப்படணும்?

வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள்ல மனு கொடுக்கப் போறேன். ஹைட்ரஜன் சல்ஃபைடும், புழுதியில குரோமியமும் அளக்கணும், அளந்ததை சிப்காட் வாசல்ல போர்டுல போடணும். ரெண்டே கோரிக்கை. கூட வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.