சிரிச்சா சாமி கோச்சுக்குமா?

எங்க புக் கிளப்புல இந்த தடவை இங்கிலீஷ் காமெடி எழுத்தாளர் டெரி பிராட்செட்டோட 'ஸ்மால் காட்ஸ்'. 1992ல வந்த நாவல், டிஸ்க்வேர்ல்ட்ங்கற அவரோட கற்பனை உலகக் கதை வரிசைல ஒண்ணு, ஆனா மத்தது எதையும் படிக்காம நேரா இதுக்குள்ள போயிடலாம். மதத்தை வெச்சு காமெடினு சொன்னதுமே குரூப்ல சிலர் "இதெல்லாம் தேவையா"னு மூஞ்சியை தூக்கி வெச்சுக்கிட்டாங்க, சிலர் "ஆஹா, சாமியை வெச்சு செஞ்சிடலாம்"னு குஷியாயிட்டாங்க. ரெண்டு கோஷ்டியும் அட்டையை பிரிக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதிட்டு வந்து உக்காந்துட்டாங்கங்கறதுதான் என் கடுப்பு.

கதை தெரியாதவங்களுக்காக. ஓம்னு ஒரு மகா தெய்வம் (பேரை பாத்து உடனே முறைக்காதீங்க, அது பிராட்செட்டோட கற்பனை உலகத்து சாமி). கம்பீரமா ஒரு ரூபம் எடுத்து எறங்கலாம்னு பாத்தா ஆமையா வந்து நிக்குது. கழுகு ஒண்ணு தூக்கிட்டு போயி கோயில் தோட்டத்துல தவறவிட, அங்க மண்ணு கொத்திட்டிருக்கற ப்ரூதாங்கற எழுதப் படிக்க தெரியாத பையனுக்கு மட்டும்தான் அது பேசறது கேக்குது. ஏன்னா அத்தனை கோயில், அத்தனை பூசாரி, அத்தனை வேதம் இருந்தும் அந்த நாட்டுலயே சாமியை நெஜமா நம்பறவன் அவன் ஒருத்தன்தான், மத்தவங்க பயந்து நடுங்கறதெல்லாம் மத விசாரணைக்காரங்களோட சித்ரவதைக் கூடத்துக்கு. பயத்தை எல்லாம் பக்தினு கணக்கு காட்டிட்டே இருந்திருக்காங்க, சாமியோ நெஜமா நம்பறவங்க இல்லாம ஆமை அளவுக்கு சுருங்கிடுச்சு.

இப்ப சொல்லுங்க, இதுல கிண்டல் யார் மேல?

தீர்க்கதரிசிங்க எழுதி வெச்ச கட்டளைகளை ப்ரூதா ஒவ்வொண்ணா ஒப்பிச்சு "இது நீங்க சொன்னதுதான"னு கேக்க, ஆமை "நானா? எப்ப?"ங்கற ரேஞ்சுல முழிக்கும். அந்த பகுதியை சத்தமா படிச்சப்போ எங்க குழுலயே தெனம் விடாம பிரார்த்தனை பண்றவங்கதான் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. வழிபாட்டோட உள்வேலை எல்லாம் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த ஜோக் முழுசா போய் சேரும், வெளிய நிக்கறவங்களுக்கு பாதிதான் கெடைக்கும். அதே நேரம் நம்ம பகுத்தறிவு நண்பர் ஒருத்தர் செம அப்செட், ஏன்னா நாவல்ல கடவுள் இல்லைனு எங்கயும் வரல, கடவுள் இருக்காரு, கோவக்காரரு, சுயநலம் வேற, போகப்போக கொஞ்சம் கொஞ்சமா மனுஷங்களை மதிக்க கத்துக்கறாரு. "இது பக்தி புக்குங்க"னு புலம்பிட்டே இருந்தாரு பாவம்.

ஆனா புக்குல என்னை புடிச்சு நிறுத்தின எடம் காமெடியே இல்ல. வோர்பிஸ்னு விசாரணைத் தலைவன், அவ்ளோ அமைதியான ஆளு, குரலை கூட ஒசத்த மாட்டான். தோட்டத்துல அந்த ஆமையை பாத்ததும் மல்லாக்க புரட்டி போட்டு, மறுபடி திரும்பிடாம இருக்க கல்லை அண்டக் குடுத்துட்டு, நின்னு வேடிக்கை பாப்பான். எந்த சாமி பேரை சொல்லி ஊரையே வதைக்கறானோ அந்த சாமி அவன் காலடில வெயில்ல காலை ஒதறிட்டு கெடக்கு, அவனுக்கு தெரியவே தெரியாது. இதை சீரியஸ் நாவல்ல எழுதியிருந்தா பிரசங்கம்னு தள்ளிட்டு போயிருப்போம், சிரிச்சிட்டு இருக்கறப்போ வந்ததால தப்பிக்க முடியல.

அதனால இந்த மாதிரி புக்கு எடுக்கறவங்க "உங்களுக்கு நம்பிக்கை இருக்கா"ங்கற கேள்வியை தயவுசெஞ்சு வெளிய விட்டுட்டு வாங்க, அதை ஆரம்பிச்சா விடியற வரைக்கும் முடியாது, நாவலை ஒருத்தனும் தொட மாட்டான். எந்த பக்கத்துல சிரிச்சீங்க, எந்த பக்கத்துல சிரிப்பு நின்னுச்சுனு மட்டும் கேளுங்க. எங்களுக்கு அப்படி கேட்டதுக்கு அப்புறம்தான் பேச்சே சூடு புடிச்சுது. மூஞ்சியை தூக்கி வெச்சிருந்தவங்கள்ல ஒருத்தர் இப்ப இதே ஆளோட வேற புக்கு இருக்கானு கேட்டிருக்காரு, பகுத்தறிவு நண்பர்தான் இன்னும் வாட்ஸ்அப்ல சண்டை போட்டுட்டு இருக்காரு.