கொம்பு முறியாத சண்டை

சென்ற வாரம் ஒருவர் என்னைத் துரோகி என்று எழுதியிருந்தார். அவருடைய பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். இருபது வயதுகூட ஆகியிருக்காது. மட்டக்களப்பில் அந்தச் சொல் ஒரு காலத்தில் என்னவெல்லாம் செய்தது என்று அறியாத பிள்ளை. அறியாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன். நான் செய்த துரோகம் இதுதான்: 'வன் பீஸ்' தொடரை இருநூறாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டேன், இனித் தொடரும் எண்ணம் இல்லை என்று ஓர் இணையக் குழுவில் சொன்னேன். அனிமே, அதாவது ஜப்பானிய அசையும் ஓவியப் படங்களையும் தொடர்களையும் பார்ப்பவர்களின் குழு அது.

அந்தத் தொடர் 1999இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2021இலேயே ஆயிரமாவது அத்தியாயத்தைத் தொட்டுவிட்டது. ஆயிரம் அத்தியாயம் என்றால் ஏறத்தாழ 400 மணி நேரம். நித்திரை கொள்ளாமல் குந்தியிருந்து பார்த்தாலும் பதினாறு நாள் கடந்துவிடும். எனக்கு அலுவலகம் இருக்கிறது, மூன்று வயதில் மகள் இருக்கிறாள். எயிச்சிரோ ஓடா 1997 முதல் அந்தக் கதையைப் படக்கதையாக வரைந்துவருகிறார். அவருடைய உழைப்பின் மீது எனக்கு நிறைய மரியாதை உண்டு. அதற்காக என் ஆயுளில் பதினாறு நாளை எழுதிக் கொடுத்துவிட முடியுமா? முழுவதும் பார்க்காதவன் பேசக்கூடாது என்கிறார்கள். சரி, பேசவில்லை. பார்க்காமல் விட்டதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தது 2010இல். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் வேலை பார்த்த மச்சான் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பை நிறைய டிவிடி கொண்டுவந்தார். அதில் 'நருட்டோ' இருந்தது. தாய் தகப்பன் இல்லாத, ஊரே ஒதுக்கிவைத்த ஒரு பொடியன், ஒரு நாள் இந்த ஊருக்கே தலைவனாவேன் என்று கத்திக்கொண்டு திரிகிறான். போர் முடிந்து அப்போது ஒரு வருடம்தான். எங்கள் வகுப்பில் வாங்குக்கு ஒருவராவது அப்படிப்பட்ட பொடியன் இருந்தான். அந்தக் கதை எங்களைப் பிடித்துக்கொண்டதற்கு நிஞ்சாச் சண்டை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. என் ஆங்கிலத்தில் பாதி, அந்தத் தொடரின் கீழே ஓடிய எழுத்துகளிலிருந்து பொறுக்கியது. மற்றப் பாதி கிரிக்கெட் வர்ணனை.

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் போன நாட்கள் நினைவிருக்கும். அலுவலகத்தில் தரவிறக்கி மடிக்கணினியில் ஏற்றி வந்த அத்தியாயங்களை இரவில் முற்றத்தில் வைத்து ஓடவிடுவேன். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சிகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து சேருவார்கள். மின்கலம் தீர்ந்தால் மிச்சக் கதையை நான் வாயால் சொல்லி முடிக்க வேண்டும். நான் சொன்ன முடிவுகளில் பல பிழை என்பதை, மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்து வந்து சண்டை பிடித்தார்கள். எனக்குப் பிடித்த சண்டை அது ஒன்றுதான்.

தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, தன்னைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது வந்த மகிழ்ச்சியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். காத்தான்குடியில் ஒருவர், கல்முனையில் ஒருவர், பிறகு யாழ்ப்பாணம், சென்னை, டொரொன்டோ. எந்தத் தொடரை எந்த வரிசையில் பார்ப்பது என்று இரவிரவாக எழுதிச் சொல்லித் தந்தவர்கள் குழுக்களில் இருந்தார்கள். அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டது: கதை பேச வந்தவர்களைவிடக் கட்சி கட்ட வந்தவர்கள்தான் அதிகம்.

எங்கள் பக்கத்தில் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்து கொம்புமுறி என்று ஒரு விளையாட்டு உண்டு. இப்போது அருகிவிட்டது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவருக்குத் தோல்வி. இழுவையைவிட வசைப்பாட்டுத்தான் காரம். அம்மப்பா தென்சேரிக்காரர். சொந்த மைத்துனரை, மைத்துனரின் தகப்பனை, அவர்கள் வீட்டு மாட்டை வரைக்கும் இழுத்துப் பாடியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சில வரிகளுக்கு வந்ததும் அடுக்களையிலிருந்து அம்மம்மா சத்தம் போட்டு நிறுத்திவிடுவார். அந்த வரிகள் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கொம்பு முறிந்தால் அதோடு சரி. மழை வேண்டியும் நோய் நீங்கவும் அம்மனுக்குச் செய்கிற காரியம் அது. திட்டுவதற்கும் நாள் குறித்திருந்தார்கள். சடங்கு முடிந்தால் அம்மப்பா அதே மைத்துனரோடுதான் வயலுக்குப் போவார்.

இங்கே கொம்பு முறிவதே இல்லை. நருட்டோவும் 'டிராகன் போல்' தொடரின் கோக்குவும் மோதினால் யார் வெல்வார் என்று நான் குழுவில் சேர்ந்த அன்று நடந்துகொண்டிருந்த தகராறு நேற்றும் நடந்தது. ஆட்கள் மாறிவிட்டார்கள், கயிறு அதே கயிறு.

நானும் அந்தக் கயிற்றை இழுத்தவன்தான். தமிழ்க் குரலில் வந்த ஒரு தொடரைப் புகழ்ந்து, திருக்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். ஜப்பானியக் குரலில் கேட்காதவன் அனிமே பார்த்ததாகவே சொல்லக்கூடாது என்பது அப்போது என் கொள்கை. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருக்கிறது என்று கீழே எழுதினேன். அறுபது பேர் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர் தனியாக எழுதினார்: "அண்ணன், அம்மம்மாவும் நானும்தான் வீட்டில். அவருக்கு ஒரு கண் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தமிழில் வந்தால்தான் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்." அதில் கோபமே இல்லை. பதில் எழுத எனக்கு ஒரு கிழமை பிடித்தது. இன்றும் நான் ஜப்பானியக் குரலில்தான் பார்க்கிறேன். தமிழ்க் குரல்களை இன்னும் நன்றாகச் செய்யலாம் என்ற எண்ணமும் மாறவில்லை. ஆனால் அந்தக் கிண்டலுக்கு அறுபது சிரிப்பு விழுந்தபோது எனக்குள் ஊறிய இனிப்பை மறக்க முடியவில்லை. எந்தத் தொடரைப் பார்த்தும் அப்படி ஒரு இனிப்பு அவ்வளவு வேகமாக வந்ததில்லை. பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஓடுகிற காட்சியை நடுவில் நிறுத்தி, கோணிய முகம் ஒன்றைப் படம்பிடித்து, 'இதுவா ஓவியம்?' என்று போடுகிறவர்கள் தனிச் சாதி. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது அசையாத தனிப் படங்கள், ஓடும். தொலைக்காட்சி அனிமேயில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைப்பார்கள்; அப்படியானால் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ஓவியம். வேகத்தைக் காட்ட, இடையில் வரும் ஓவியத்தை வேண்டுமென்றே இழுத்துக் கோணலாக வரைவார்கள். கண்ணில் பட்டு மறைய வேண்டிய ஓவியம் அது. வடமோடிக் கூத்தில் அரசன் சுழன்று ஆடும்போது ஒரு கணத்தை நிறுத்தி, வாய் கோணியிருக்கிறது பார் என்று சிரித்தால் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் என்ன செய்வார்? மத்தளத்தை எடுத்து மண்டையில் போடுவார்.

'அட்டாக் ஒன் டைட்டன்' படக்கதையை ஹஜிமே இசயாமா 2009இல் தொடங்கி 2021 ஏப்ரலில் முடித்தார். முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை; எனக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வது வாசகரின் உரிமை. ஆனால் 2022 நவம்பரில் நியூயோர்க்கில் நடந்த ஒரு விழாவில் அந்த மனிதர் ரசிகர்கள் முன்னால் கண் கலங்கி மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் வரைந்தவர் மன்னிப்புக் கேட்கிறார், படித்தவர்கள் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இனி, இந்தப் பதிவை நான் எழுதத் தொடங்கிய காரணத்துக்கு வருகிறேன். இயக்குநர் மக்கோட்டோ ஷின்காயின் 'சுசூமே' என்ற அனிமேப் படம் 2022 நவம்பரில் ஜப்பானில் வெளியானது. அதைப் பார்க்கும் முன்பே, அது அவருடைய 2016ஆம் ஆண்டுப் படமான 'யுவர் நேம்' அளவுக்கு வருமா வராதா என்ற வழக்கைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டேன். அந்தச் சலிப்பிலேயே ஒரு வருடத்துக்கு மேல் படத்தைத் தொடவில்லை. கதை எதைப் பற்றியது என்று எவராவது சொல்லியிருக்கலாம். அந்த இரைச்சலில் என் கண்ணில் படவில்லை.

2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானின் கரையோர ஊர்களைக் கடல் கொண்டுபோனது. அதில் தாயை இழந்த ஒரு சிறுமி, பதினேழு வயதில், தாய் செய்து கொடுத்த மூன்று கால் கதிரை ஒன்றோடு அந்த ஊருக்குத் திரும்புகிறாள். சின்னவளாக இருந்தபோது எழுதிய நாட்குறிப்பை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கிறாள். மார்ச் 11இலிருந்து பக்கம் பக்கமாகக் கறுப்புக் கிறுக்கல்.

நான் மட்டக்களப்பின் கரையோரத்தில், கல்லடியில் வளர்ந்தவன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி நாள். நாவலடியில் கூட்டாளி வீட்டில் நத்தார்ப் பலகாரம் இருக்கிறது என்று பெரியம்மாவின் மகன் காலையிலேயே சைக்கிளை எடுத்தார். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். "போய்விட்டு வருகிறேன், சித்தி" என்றார். அவருக்குப் பதினாறு வயது. இதற்கு மேல் எழுத மாட்டேன். இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

படத்தின் கடைசிப் பகுதியில், அந்த ஊர் மக்கள் அன்று காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டபோது சொன்ன குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கின்றன. 'இத்தெகிமாசு' என்கிறார்கள். கீழே ஓடிய ஆங்கிலம் எனக்கு ஒட்டவில்லை. அந்த ஜப்பானியச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நேரே 'போய் வருகிறேன்'. 'போகிறேன்' என்று சொன்னால் முதுகில் ஒன்று விழும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை யார் மொழிபெயர்க்க வேண்டும்? உள்ளே இருப்பவர்கள் 'இத்தெராஷாய்' என்று பதில் சொல்கிறார்கள். போய் வா. மடிக்கணினியை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

சென்ற மாதம் அதை அம்மாவோடு மறுபடி பார்த்தேன். பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அதாவது, நானே தமிழ்க் குரல் கொடுத்தேன். அந்த மூன்று கால் கதிரை உயிர் வந்து ஓடுவதைப் பார்த்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பேசுகிற பூனையை அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குரல்கள் வந்தபோது என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுந்து அடுக்களைக்குப் போய், பால் பொங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தார். அடுப்பில் பால் இருக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, "அந்தக் கதிரைப் பிள்ளையின் படம் மாதிரி வேறு இருக்கிறதா, மகன்?" என்று கேட்டார். இருக்கிறது. எதைப் போடலாம் என்று குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது பதில் வரும். கேட்கவில்லை. திருக்கோவில் தம்பிக்கு மட்டும் எழுதினேன்: "அம்மம்மாவுக்கு எந்தப் படம் பிடித்தது?"