முதலில் புகார் சொன்னவருக்கு என்ன நடந்தது?

எங்கள் தொழிற்சாலையின் பாதுகாப்புக் குழுவில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், 'புகார் எதுவும் இல்லை' என்றே மாதாமாதம் குறிப்பேட்டில் எழுதினோம். நானும் அதன் கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிரஸ் இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவைத் திறந்தாலும் இயந்திரம் நிற்பதில்லை என்பது அந்த ஷிப்டில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. குழுவுக்குத்தான் தெரியவில்லை.

ஏன் யாரும் சொல்லவில்லை? நான் சேர்வதற்கு முன்பு ஒருவர் குழுவிடம் வந்திருக்கிறார். கிரேனில் தொங்கிய சுமை அவருக்கு ஓரடி தள்ளி விழுந்திருக்கிறது. "நீங்கள் ஏன் அங்கே நின்றீர்கள்?" என்பதுதான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. விளக்கக் கடிதமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிறகு எப்படி வாய் திறப்பார்கள்?

விமானத் துறையும் இதை எதிர்கொண்டிருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வாஷிங்டனுக்கு அருகே, டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம், எவ்வளவு தாழ இறங்கலாம் என்ற குழப்பத்தில் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரங்களுக்கு முன்புதான் வேறு நிறுவன விமானம் ஒன்று அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த எச்சரிக்கை அந்த நிறுவனத்தைத் தாண்டவில்லை. 1976இல் அமெரிக்காவில் விமானிகள் இத்தகைய சம்பவங்களைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு வந்தது. அறிக்கைகளைப் பெறும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பிடம் இல்லாமல் நாசாவிடம் கொடுக்கப்பட்டது. எழுதியவரின் அடையாளம் நீக்கப்படும்.

எங்கள் குழுத் தலைவரோ, தொழிலாளர்களின் ஆண்டு மதிப்பீட்டையும் எழுதுபவராக இருந்தார். அவரை மாற்றச் சொல்லி நான் சண்டையே போட்டேன். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகுபவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆவது உடன்படிக்கை 1981இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த வரியைச் சுவரில் ஒட்டிவைத்தால் மட்டும் யாருக்கும் தைரியம் வராது.

தலைவர் மாறினார். பிரதிநிதிகளைத் தொழிலாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு பெட்டி வைத்தோம். வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஏழு நாட்களுக்குள் அறிவிப்புப் பலகையில் பதில். முடியாதென்றால், ஏன் முடியாது என்ற காரணத்தோடு. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

முதலில் எரியாத விளக்கு, வழுக்கும் படி என்றுதான் வந்தன. "இதற்கா ஒரு குழு?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். எங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றேன். படியை மறுநாளே சரிசெய்தோம்.

பிரஸ் இயந்திரத்தின் கதவைப் பற்றிய தாள் நான்காம் மாதம் வந்தது. அதன் அடியில் எழுதியவரின் கையெழுத்தும் இருந்தது.