இரண்டு காட்சிகளை ஒட்டி வைத்தால் ஒருவன் வேஷதாரி ஆகிவிடுவானா?

ஒரு கதாபாத்திரத்தை வேஷதாரி என்று முத்திரை குத்த இப்போதெல்லாம் இரண்டு காட்சிகள் போதும். ஒன்றில் அவன் பெரிதாக நியாயம் பேச வேண்டும். இன்னொன்றில் அதற்கு மாறாக ஏதாவது செய்ய வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்" என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. அடுத்த ஆளைத் தேடிப் போகலாம்.

எனக்கு இதில் ரொம்ப நாளாகவே எரிச்சல். வேஷதாரிகளுக்காகப் பரிந்து பேச வரவில்லை. கதைகளில் கிடைக்கிற மிகச் சுவாரசியமான ஆட்களே அவர்கள்தான். கண்டவனையும் அவர்களோடு சேர்த்துக் கட்டினால், நிஜமான வேஷதாரியை எழுத ஓர் ஆசிரியர் பட்ட பாடெல்லாம் வீணாகிப் போகிறது.

சிலரை யோசிக்காமலே விடுதலை செய்துவிடலாம். முதலில், தோற்றுப்போனவன். கோபமே கூடாது என்று மனதார நம்புகிறவன் ஒருநாள் கத்தித் தீர்த்துவிட்டால் அவனுக்குத் திடமில்லை, அவ்வளவுதான். தான் கடைப்பிடிக்கத் தவறும் நற்குணங்களை ஒருவன் புகழ்ந்து பேசுகிறான் என்பதற்காகவே அவனை வேஷதாரி என்பது பெரிய அநியாயம் என்று ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1750லேயே எழுதிவிட்டார். அப்புறம், மனம் மாறியவன். மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னதை முப்பதாம் அத்தியாயத்தில் மறுக்க அவனுக்கு உரிமை உண்டு, இடையில் நடந்தது அவனை மாற்றியிருந்தால். அடுத்து, ஒரு காரியத்துக்காக வேடம் கட்டியவன். இராவணன் சன்னியாசியாக வந்து சீதையின் குடில் வாசலில் நின்றது சுத்த வஞ்சகம். ஆனால் அவன் துறவின் பெருமையைப் பேசி ஊரை மிரட்டிக்கொண்டிருந்தவன் இல்லை. காரியம் முடிந்ததும் வேடமும் கலைந்தது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பல வருடம் ஓடுகிற தொடர்களில், பல பேர் கைமாற்றி எழுதும்போது, நாயகன் ஒரு வருடம் ஒன்று சொல்வான், அடுத்த வருடம் வேறொன்று சொல்வான். அது அவன் குற்றமே இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார். கதைக்குள் இருக்கிற ஒருவராவது அந்த முரணைக் கவனிக்கிறாரா, அதனால் கதையில் ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் பாவம், கதாபாத்திரத்தை விட்டுவிடுங்கள்.

சரி, மிச்சம் இருப்பவர்களை எப்படிப் பிரிப்பது? நான் பார்ப்பது ஒரே ஒரு இடத்தைத்தான். அவன் செய்த அதே தப்பை, அல்லது அவன் செய்யத் துடிக்கிற அதே தப்பைச் செய்துவிட்டு இன்னொருவர் அவன் முன்னால் வந்து நிற்கிறாரே, அன்றைக்கு அவன் என்ன செய்கிறான்? குடிக்கிற அப்பா மகனிடம் "குடிக்காதே" என்று சொல்வதில் வேஷம் எதுவும் இல்லை. அதைவிட அனுபவப்பட்ட அறிவுரை கிடைக்காது. மகன் குடித்துவிட்டு வந்த இரவில் அவர் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறாரா, அல்லது மானம் போய்விட்டது என்று பெல்ட்டைக் கழற்றுகிறாரா? பெல்ட்டைக் கழற்றினால் பேச்சு வேறு. தனக்கு ஒரு சலுகை எடுத்துக்கொள்கிறார், அதை இன்னொருவருக்குத் தர மறுக்கிறார், மறுப்பதன் மூலமே தன் பெயரையும் காப்பாற்றிக்கொள்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நான் ஒருவனை வேஷதாரி என்பேன்.

இந்தக் காட்சியை ஷேக்ஸ்பியர் அளவுக்கு யாரும் நெருக்கி எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகம் 1604 டிசம்பரில் அரசவையில் நடிக்கப்பட்டது. வியன்னாவின் பிரபு ஊரைவிட்டுப் போவதாகச் சொல்லி, ஆட்சியை ஏஞ்சலோ என்பவனிடம் ஒப்படைக்கிறார். ரத்தத்துக்குப் பதில் பனி ஓடுகிறவன் என்று பெயர் வாங்கியவன் ஏஞ்சலோ. தூங்கிக்கிடந்த பழைய சட்டம் ஒன்றைத் தட்டி எழுப்புகிறான். கல்யாணத்துக்கு முன்பே காதலியைக் கர்ப்பமாக்கிய கிளாடியோவுக்கு மரண தண்டனை. உங்களுக்கே இப்படி ஒரு சபலம் வந்திருக்காதா என்று மூத்த அதிகாரி ஒருவர் கேட்கும்போது ஏஞ்சலோ சொல்லும் பதில்தான் முக்கியம். சபலப்படுவது வேறு, விழுவது வேறு. நாளை நானே இந்தக் குற்றத்தைச் செய்தால் என் தீர்ப்பே எனக்கும் தீர்ப்பாகட்டும், என்னையும் கொல்லுங்கள் என்கிறான். அந்த இடத்தில் அவன் வேஷதாரி இல்லை. முரடன், இரக்கமில்லாதவன், ஆனால் நேர்மையானவன்.

பிறகு கிளாடியோவின் தங்கை இஸபெல்லா, கன்னியாஸ்திரீ ஆகப்போகிறவள், அண்ணனுக்காகக் கெஞ்ச வருகிறாள். உங்கள் நெஞ்சைத் தட்டிக் கேளுங்கள், என் அண்ணன் செய்த தப்பு மாதிரி ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று கேட்கிறாள். இருக்கிறது. அவள்மேலேயே ஆசை வந்துவிட்டது. உன்னைக் கொடு, அண்ணனை விடுகிறேன் என்று பேரம் பேசுகிறான். அவளோடு இரவைக் கழித்துவிட்டதாக அவனே நம்பிக்கொண்டிருக்கும்போது (உண்மையில் வந்தது அவன் முன்பு நிச்சயம் செய்து கைவிட்ட மரியானா), கிளாடியோவின் தலையை வெட்டி அனுப்பச் சொல்லி ஆணை போகிறது. என் கணக்கில் அவன் வேஷதாரியாவது இந்த ஆணையில்தான். ஆசைப்பட்டபோது விழுந்தான். பேரம் பேசியபோது அயோக்கியன் ஆனான். அதே குற்றத்தைச் செய்துவிட்டதாகத் தானே நம்பிய பிறகும் சட்டத்தை அடுத்தவன் கழுத்தில் மட்டும் இறக்கினான் பாருங்கள், அங்கேதான் மூன்றும் சேருகின்றன.

பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் தார்த்யுஃப்தான் உலக வேஷதாரிகளுக்கெல்லாம் தலைவன் என்பார்கள். அவன் பெயரிலேயே அமைந்த நாடகத்தை 1664இல் வெர்சாய் அரண்மனையில் நடித்தவுடனே தடை விழுந்தது. பொது மேடைக்கு அது தாராளமாக வர 1669 ஆயிற்று. பக்திமான் என்ற பெயரில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, வீட்டுக்காரரின் மனைவிக்கே வலை விரிப்பவன். துறவுக்கோலத்துக்குள் ஒளிந்துகொண்டு தப்பு செய்கிறவன் புதருக்குள் ஒளிந்து பறவை பிடிக்கும் வேடன் மாதிரி என்று குறள் (274) சொல்வது இவனுக்கு அப்படியே பொருந்தும். எனக்கு ஆச்சரியமான இடம் ஒன்று உண்டு. வீட்டுக்காரரின் மகன் கையும் களவுமாகப் பிடித்துக் குற்றம் சாட்டும்போது தார்த்யுஃப் மறுக்கவே மாட்டான். ஆமாம், நான் மகா பாவி, என்னை வீட்டைவிட்டுத் துரத்துங்கள் என்று மண்டியிடுவான். விளைவு? மகன்தான் துரத்தப்படுகிறான். ஒத்துக்கொண்டுவிட்டானே, இன்னும் என்ன வேஷம் என்று கேட்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை படிக்கலாம்.

நதானியேல் ஹாதார்ன் 1850இல் எழுதிய 'த ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் பாதிரியார் டிம்ஸ்டேல் இதைவிட நுட்பமானவர். முறை தவறிப் பிள்ளை பெற்றதற்காகத் தண்டிக்கப்படும் ஹெஸ்டரின் குழந்தைக்கு அப்பா அவர்தான். ஊரார் முன்னிலையில் அவளை மேடையில் நிறுத்தி, அப்பா பெயரைச் சொல் என்று வற்புறுத்தும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுகிறது. அவன்மேல் இரக்கப்பட்டு மறைக்காதே என்கிறார். என்னைக் காட்டிக்கொடுத்துவிடேன் என்ற கெஞ்சல் அதற்குள் இருக்கிறது. அவள் சொல்லவில்லை. பிறகு பிரசங்க மேடையில் தன்னைக் கடைகெட்ட பாவி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொள்வார். கேட்கிறவர்கள் எப்பேர்ப்பட்ட பணிவு என்று உருகுவார்கள். அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்கும் தெரியும் என்கிறார் ஹாதார்ன், கூடவே அவரை வருந்துகிற வேஷதாரி என்றே குறிப்பிடுகிறார். என் அளவுகோலில் டிம்ஸ்டேல் பாதிதான் தேறுவார். அவர் ஹெஸ்டரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவள் தனியாகத் தண்டனையைச் சுமந்த வருடங்களில் அவருடைய புனிதர் பட்டம் வளர்ந்துகொண்டே போனது. குற்றவுணர்ச்சியில் உருகுவதால் மட்டும் அதற்கு மன்னிப்பு கிடையாது. கணக்கில் வரவு அவருக்கு, பற்று அவளுக்கு.

நம் காவியங்களுக்கு வந்தால், வாலியின் வழக்கு ரொம்பப் பிடிக்கும். மறைந்திருந்து அம்பு விட்டது எந்த அறம் என்று கம்பனின் வாலி கேட்கிற கேள்விகள் ஒவ்வொன்றும் குத்தும். தம்பியின் மனைவியைக் கவர்ந்துகொண்டாயே என்று இராமன் திருப்பியதும், உங்கள் குலத்துக் கற்பு விதியெல்லாம் குரங்குகளான எங்களுக்குக் கிடையாது என்கிறான் வாலி. போர் அறம் இராமனுக்கு உண்டு, இல்லற அறம் எனக்கு இல்லை! இரட்டை நியாயம் இதைவிடத் தெளிவாக அமையாது. அறத்தின் நெறியெல்லாம் தெரிந்து பேசுகிற நீ உடம்பைக் காட்டி விலங்கு என்று தப்பிக்கலாமா என்று இராமனும் சரியாக அங்கேதான் பிடிக்கிறான். இதில் நான் வாலிக்கு ஒரு படி இறங்கி வருவேன். பிடிபட்டதும் அந்தச் சலுகையை அவன் கட்டிக்கொண்டு அழவில்லை. மனம் தெளிந்து தம்பியை இராமனிடமே ஒப்படைத்துவிட்டுப் போகிறான். ஒரு வாதத்தில் வேஷம் போட்டவனை வாழ்நாள் வேஷதாரி ஆக்கிவிட முடியாது.

தருமனுக்கும் இதே தீர்ப்புதான், ஆனால் கொஞ்சம் கடுமையாக. துரோணரிடம் அசுவத்தாமன் இறந்தான் என்று சொன்னது பொய். போரில் எத்தனையோ பொய். இந்தப் பொய் பலித்ததற்குக் காரணம், சொன்னவன் பொய்யே சொல்லாதவன் என்ற பெயர். அதைவிட என்னை உறுத்துவது, யானை என்று அவன் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்ட அந்த ஒற்றைச் சொல். அது துரோணருக்காகச் சொன்னதில்லை, அவர் காதில் விழவும் கூடாது. நான் பொய் சொல்லவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அவனுக்கு அது தேவைப்பட்டது. அதுவரை தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவன் தேர் அன்று மண்ணில் இறங்கியது என்கிறது பாரதம். துணிந்து பொய் சொல்லியிருந்தால் எனக்கு அவன்மேல் மரியாதை கூடியிருக்கும்.

தப்பாக மாட்டிக்கொள்பவர்களையும் சொல்ல வேண்டும். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' கதையில், அகலிகையின் சாபம் தீர்த்த இராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். இதைப் படித்த பலரும் இராமனின் வேஷம் கலைந்தது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சம்மதமில்லை. அந்த இராமன் எதையும் ஒளிக்கவில்லை, உலகம் பார்க்கத்தான் கேட்டான். தனக்குச் சலுகை எடுத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்யவும் இல்லை. அடுத்தவர் மனைவிக்குக் கருணை, தன் மனைவிக்குத் தீ. இது அநீதி. வேஷம் என்ற சின்னக் குற்றத்துக்குள் அதை அடைத்தால் அகலிகையின் கோபத்தையும் சேர்த்துச் சின்னதாக்கிவிடுகிறோம். செய்தது சரியா தப்பா என்று வாதாட ஒரு மதிப்பீடு வேண்டும், அதற்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். முன்னே பேசியதற்கும் பின்னே செய்ததற்கும் பொருத்தம் இல்லை என்று காட்ட எதுவுமே வேண்டாம். வேஷதாரி என்ற குற்றச்சாட்டு இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு அந்தச் சௌகரியம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதன் மறுபக்கம்தான் நல்லவன் என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்கிற வில்லனுக்கு விழும் கைதட்டல். ஊரையே கொளுத்துவான், அதை மறைக்கமாட்டான், உடனே "அவன்கிட்ட நேர்மை இருக்கு" என்பார்கள். வேஷம் போடாததற்கு மட்டும் மார்க் போடத் தொடங்கினால் கொள்ளைக்காரன்தான் முதலிடம் வாங்குவான். அவனோடு ஒப்பிட்டால் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிஸராப்ல' நாவலில் வரும் ஜாவேர் எவ்வளவோ மேல். சட்டம் சட்டம் என்று ஒரு மனிதனை வேட்டையாடுகிற போலீஸ்காரன். ஆனால் மேயர்மேல் தவறான புகார் கொடுத்துவிட்டோம் என்று எண்ணியபோது அந்த மேயரிடமே போய் என்னை வேலையைவிட்டு நீக்குங்கள் என்று நின்றான். மனதுக்கு ஒவ்வாத ஆள்தான், வேஷதாரிப் பட்டியலில் சேர்க்க முடியாத ஆள்.

ஏஞ்சலோவைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசி அங்கத்தில் எல்லாம் வெளிவந்ததும் அவன் சாக்குச் சொல்லவில்லை. விசாரணைகூட வேண்டாம், உடனே மரணம் கொடுங்கள் என்கிறான். முதலில் தனக்குத் தானே விதித்த அதே தண்டனை. ஆனால் மரியானா அவன் உயிருக்காகக் கெஞ்சுகிறாள், இஸபெல்லாவையும் துணைக்கு அழைக்கிறாள். அண்ணன் செத்துவிட்டான் என்றே அப்போதும் நம்பிக்கொண்டிருக்கிற இஸபெல்லா மண்டியிட்டு ஒரு சட்ட வாதம் வைக்கிறாள்: என் அண்ணன் குற்றத்தைச் செய்தான், செத்தான், இவன் நினைத்தது நடக்கவில்லை, நினைப்பைத் தண்டிக்க முடியாது. சபலம் வேறு, விழுவது வேறு என்று அவன் பேசிய அதே பேச்சு. பிரபு மன்னித்து, மரியானாவோடு சேர்த்துவைத்து அனுப்பிவிடுகிறார். அந்த மன்னிப்புக்குப் பிறகு ஏஞ்சலோ ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாவைக் கேட்ட நிமிடத்தில் அவன் வேஷதாரி இல்லாமல் ஆகிவிட்டான் என்று நான் சொல்வேன். கேட்டது கிடைக்காததால் அவனே அதை நம்பியிருப்பானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.