பிள்ளைகளைக் கூப்பிட்டது கதிரை அடுக்கவா?

போன கிழமை, சின்னப் பிள்ளைகளின்ர போசாக்கை அளக்கிற ஆய்வுக்கு எண்டு ஓ.எல். படிக்கிற எங்கட இளையோரை மண்டபத்துக்குக் கூப்பிட்டவை. அங்க நடந்த படத்தைக் கனபேர் பார்த்தாச்சு. பின்னால 'இளையோர் பங்கேற்புடனான சிறுவர் போசாக்கு ஆய்வு' எண்டு பெனர். முன்னால டீசேட் போட்ட பிள்ளைகள் கதிரை அடுக்கினம். கேள்வித்தாளில பிழை இருக்கெண்டு கை உயர்த்தின பிள்ளைக்குக் கிடைச்ச பதில்: "தங்கச்சி, இது டெக்னிக்கல் விசயம்."

சரி, அந்த டெக்னிக்கல் விசயத்தையே கதைப்பம்.

'நேற்று பிள்ளை மீன் சாப்பிட்டதா? ஆம்/இல்லை.' இதுதான் கேள்வி. குழம்புச் சாறு மட்டும் விட்டுப் பிசைஞ்ச சோத்துக்கு என்ன போடுறது எண்டு அந்தப் பிள்ளை கேட்டது. அருமையான கேள்வி! 6 முதல் 23 மாசப் பிள்ளைக்கு 8 உணவு வகையில குறைஞ்சது 5 கிடைக்கவேணும். ருசிக்குச் சேர்க்கிற அளவு கணக்கில வராது. வாடைக்காற்றுக்குக் கடல் அடிச்சு மீன் குறையிற மாசத்தில, மீன்துண்டு தகப்பனுக்கு, சாறு பிள்ளைக்கு. அதுக்கு 'ஆம்' போட்டால் 4 வகை 5 ஆகும், பசி தாளில இல்லாமல் போகும். திருகோணமலையில மூதூர், வெருகல் வீடுகளில சோறு பிசையிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். கேள்வி எழுதேக்க கூப்பிடாமல், வெயிலுக்க வீடு வீடாத் திரியேக்க மட்டும் கூப்பிடுறது மலிவா ஆள் பிடிக்கிற வேலை.

"சின்னப் பெடியள் அளந்தால் அளவு பிழைக்கும்" எண்டு ஒராள் எழுதியிருந்தார். பழக்காமல் விட்டால் ஆர் அளந்தாலும் பிழைக்கும் ஐயா. கைச் சுற்றளவு நாடாவை இறுக்கினால் நல்லா இருக்கிற பிள்ளையும் மெலிஞ்ச பிள்ளை. தளர்த்தினால் மெலிஞ்ச பிள்ளை தப்பிப்போகும். நாடாவை இடக்கையில, தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவில சுத்தவேணும், கை தொங்கவேணும். உயரம் அளக்கேக்க, 2 வயசுக்குக் கீழ எண்டால் படுக்கவைச்சு, தலையை ஒராள், முழங்காலை ஒராள் பிடிக்கவேணும். நிக்கவைச்சால் ஏறக்குறைய 0.7 சென்ரிமீற்றர் குறையும். மணல் முற்றத்தில தராசு வைக்கக்கூடாது, அடியில பலகை. 22 மாசப் பிள்ளைக்கு 'ரெண்டு வயசு' எண்டு எழுதினால் வயசுக்கேற்ற உயரத்தின்ர எல்லையில நிக்கிற பிள்ளை தாளில கட்டையாகிடும். கிளினிக் புத்தகத்தில பிறந்த திகதியைப் பாருங்கோ. 10 பிள்ளைகளை, அளக்க வாற ஒவ்வொருத்தரும் ரெண்டு தரம் அளந்து, வித்தியாசத்தைப் பார்த்தபிறகு ஆளைத் தெரிவுசெய்யலாம். வயசைப் பார்த்தா தெரிவுசெய்யிறது?

ஊர்ப் பிள்ளைகள் அளந்தால் அயல்வீட்டு வறுமை ஊருக்குத் தெரியவரும் எண்டது நியாயமான பயம். பக்கத்துக் கிராமத்துக்கு மாத்தி விடுங்கோ, பெயருக்குப் பதிலா இலக்கம் போடுங்கோ. ஓ.எல். பரீட்சைப் படிப்புக் குழம்புமாம். கதிரை தூக்கேக்க அந்தக் கவலை எங்க போனது?

2016 குடிசன சுகாதார ஆய்வில இலங்கையில 5 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில 15 வீதம் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவை, 17 வீதம் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவை. இந்த டீசேட் பிள்ளைகளின்ர தம்பி தங்கச்சிமார் மாதிரியான பிள்ளைகள்தான் அந்த வீதத்துக்குள்ள நிண்டவை. அறிக்கை இங்கிலிசில கொழும்புக்குப் போகும். அளந்தவைக்கு ஒரு பக்கம் தமிழில வராது. அரசாங்கம் குடுக்கிற சத்துமாவான திரிபோஷாப் பைக்கற் ஒண்டை வீட்டில எத்தினை பேர் பங்குபோடினம் எண்டு அவையளிட்டக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கிண்ணியாவில, குச்சவெளியில நாடா 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழ காட்டின பிள்ளைகளைக் கடுமையா மெலிஞ்சவை எண்டு அண்டைக்கே சிகிச்சைக்கு அனுப்பியிருக்கவேணும். அந்தப் பட்டியல் மிட்வைஃப்பிட்டப் போனதா? ஆராவது அதுக்குப் பதில் சொல்லுங்கோ.